வயிற்றுக் கிருமிக்கு முதல் அடியே முழு அடி!

மயிலாப்பூர் மாட வீதியில் ஏதாவது ஒரு மருந்துக் கடை வாசலில் சாயங்கால வேளையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். ‘கேஸ் மாத்திரை ஒரு அட்டை குடுங்க’ என்று யாராவது கேட்காமல் அந்தப் பத்து நிமிஷம் கழியாது. சிலர் பெயர் சொல்லியே கேட்பார்கள். பான்டப்ரசோல், ஒமிப்ரசோல், ராபிப்ரசோல்... துவரம் பருப்பு, உளுத்தம் பருப்பு மாதிரி அவ்வளவு சரளமாக வாயில் வருகிறது!

காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒன்று. வருஷக் கணக்காக. ‘நிறுத்தினா எரியுது சார்’ என்பார்கள். ஒருத்தருக்கு மேல் வயிற்றில் வலி. இன்னொருத்தருக்கு ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் எரிச்சல். ‘உங்களுக்கு அல்சர் இருக்கு’ என்று என்றைக்கோ டாக்டர் சொன்னது வேறொருத்தருக்கு.

இவர்களில் பலருக்கு இரைப்பைக்குள் ஒரு கிருமி குடித்தனம் நடத்திக் கொண்டிருக்கும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையால் எரிச்சல் அடங்குமே தவிர, வாடகை கொடுக்காத அந்தக் குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்ய மாட்டார். அவர் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. சுருக்கமாக ஹெச். பைலோரி. இந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இவர் இருக்கிறார். பெரும்பாலும் சின்ன வயசிலேயே உள்ளே வந்துவிடுகிறார்.

அவரைக் காலி செய்ய வைக்க மருந்து உண்டு. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதில்தான் இன்றைக்குக் குழப்பம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் வசிப்பவர்களுக்கு முதல் தடவையே நான்கு மருந்து, பதினான்கு நாள் என்ற கோர்ஸ்தான் பொருத்தம். பழக்க தோஷத்தில் எழுதித் தரப்படும் ஏழு நாள் ‘கிட்’டுக்கு விடை கொடுத்துவிடலாம். ஏன் என்று கேட்டால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஒரு காலத்தில் அல்சர் என்றால் கவலையும் காரமும்தான் காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். தென்னிந்தியர்களுக்கு முன்சிறுகுடல் புண் அதிகம் என்பதைப் பழைய ஆய்வாளர்கள் கவனித்திருந்தார்கள். பழி முழுக்க நம் அரிசிச் சோறு, புளி, மிளகாய் மேல் விழுந்தது. பத்தியச் சாப்பாடு, பால், கஞ்சி... அதிலும் சரிப்படாவிட்டால் ஆபரேஷன். வயிற்றுக்குப் போகும் நரம்பை வெட்டி, இரைப்பையைக் குடலோடு நேராக இணைத்துத் தைத்துவிடுவார்கள். எழுபது, எண்பது வயசுத் தாத்தாக்கள் சிலரின் வயிற்றில் மார்புக் குழியிலிருந்து தொப்புள் வரை ஒரு நீளத் தழும்பைப் பார்த்திருப்பீர்களே, அதில் பல இந்த ஆபரேஷன்தான்.

1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அதுவும் எப்படி? வழக்கமாக இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடும் தட்டுகள், ஈஸ்டர் லீவு வந்ததால் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திறந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது! அப்போதும் யாரும் நம்பவில்லை. ‘அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும்?’ என்று சிரித்தார்கள். 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்தார். சில நாளில் வாந்தி, வயிற்று அழற்சி எல்லாம் வந்து சேர்ந்தன. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. (வீட்டுக்குச் சொல்லாமல் செய்தாராம் மனுஷன். நம் வீடுகளில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!)

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994-இல் இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்தது. பயப்பட வேண்டாம். கிருமி உள்ளவர்களில் மிகச் சிலருக்கே அந்த நிலை வரும். ஆனால் சென்னைக்காரர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1980-களின் தொடக்கத்திலிருந்து சென்னையின் புற்றுநோய்க் கணக்கைப் பதிவு செய்து வருகிறது. அந்தக் கணக்கில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்று வெகு காலம் முதலிடத்தில் இருந்தது. ‘சாதாரண கேஸ்தானே’ என்று தள்ளிவிடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, கிருமி என்று தெரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் கொடுத்துக் கொல்ல வேண்டியதுதானே? அதில்தான் சிக்கல். இந்தக் கிருமி திருகாணி மாதிரி வளைந்து, இரைப்பையின் சளிப் படலத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. யூரியாவிலிருந்து அம்மோனியா தயாரித்து, தன்னைச் சுற்றி அமிலத்தை முறிக்கும் ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. ரத்தத்தின் வழியாகப் போகும் மருந்து அங்கே போதுமான அளவு எட்டாது. மேலிருந்து விழும் மருந்தை அமிலம் பாதி கெடுத்துவிடும். போதாக்குறைக்கு அமிலம் அதிகமாக இருந்தால் கிருமி பெருகாமல் மந்தமாகக் கிடக்கிறது. பெருகும் கிருமியைத்தான் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகள் நன்றாகத் தாக்கும். அதனால்தான் ஆன்டிபயாடிக்கோடு அமிலத்தை அடக்கும் மாத்திரையும் காலை, ராத்திரி இரண்டு வேளையும் தருகிறார்கள். ‘கேஸ் மாத்திரை எதுக்கு, எனக்கு இப்ப எரியலையே’ என்று அதை மட்டும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்தினால் கோர்ஸ் முழுக்க வீண்.

இனி மருந்துகளுக்கு வருவோம். பல வருஷமாக உலகம் முழுக்க எழுதப்பட்டது மூன்று மருந்துக் கூட்டணி. அமிலம் அடக்கும் மாத்திரை, கிளாரித்ரோமைசின், அமாக்ஸிசிலின். மூன்றையும் ஒரே அட்டையில் காலை - ராத்திரி என்று பிரித்து அழகாக அடுக்கி ‘கிட்’ என்று விற்கிறார்கள். சாப்பிடச் சுலபம். ஏழு நாள் அல்லது பத்து நாளில் முடிந்துவிடும். தொண்ணூறுகளில் இது நன்றாகவே வேலை செய்தது, மறுக்கவில்லை.

இன்னொன்று நான்கு மருந்துக் கூட்டணி. அமிலம் அடக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல். இதில் அமிலம் அடக்கும் மாத்திரையை நீக்கிவிட்டால் மிச்சமுள்ள மூன்றும் எண்பதுகளிலேயே ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தியவை. அதாவது இந்தக் கிருமிக்குக் கொடுத்த மருந்துகளில் மிகப் பழையது! இடையில் முதல் ஐந்து நாள் ஒரு ஜோடி, அடுத்த ஐந்து நாள் வேறு மருந்துகள் என்று பிரித்துக் கொடுக்கும் முறையும் வந்தது. அது கொஞ்ச காலம் கொடி கட்டிப் பறந்துவிட்டு இறங்கிவிட்டது.

2003-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அடையாறுக்குப் பக்கத்திலேயே, தரமணியில் இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் (பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தவர்) தலைமையில் இந்தியாவின் பல ஊர்களிலிருந்து 259 நோயாளிகளின் கிருமியை எடுத்துச் சோதித்தார்கள். எந்த மருந்துக்குக் கிருமி மசிகிறது, எதற்கு மசியவில்லை என்று பார்த்தார்கள். கிளாரித்ரோமைசினுக்கு மசியாதவை நூற்றுக்கு 44.7. மெட்ரோனிடசோலுக்கு மசியாதவை 77.9. சென்னையை மட்டும் தனியே எடுத்தால் மெட்ரோனிடசோல் கணக்கு 88.2! டெட்ராசைக்ளினை எதிர்த்தவையோ மிகச் சொற்பம்.

அந்த ஆய்வுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்கிறீர்களா? ஆகிவிட்டதுதான். அதற்குப் பிறகு நாம் ஆன்டிபயாடிக்கைக் குறைத்தா சாப்பிட்டோம்? கோவிட் காலத்தில் அஸித்ரோமைசினை எத்தனை வீட்டில் கடலை மிட்டாய் போல வாங்கி வைத்திருந்தோம்! சளி பிடித்தால் மூன்று நாள் மாத்திரை, தொண்டை கரகரத்தால் மூன்று நாள் மாத்திரை என்று நாம் கேட்டு வாங்குகிற அந்த அஸித்ரோமைசின், கிளாரித்ரோமைசினுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஒன்றுக்குப் பழகிய கிருமி மற்றதையும் எதிர்க்கும். அதே போல ‘லூஸ் மோஷன்’ என்றதும் டாக்டரைக் கேட்காமலேயே மெட்ரோனிடசோல் போடுவது நம்மூர் வழக்கம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மாத்திரை அது. எந்தக் கடையில் சீட்டுக் கேட்கிறார்கள், சொல்லுங்கள்? வயிற்றில் அமைதியாகக் குடியிருக்கும் ஹெச். பைலோரிக்கு இப்படி நாம் வருஷா வருஷம் ட்ரெயினிங் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமி இருப்பவருக்கு மூன்று மருந்துக் கூட்டணியைக் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்து 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் அதற்குப் பதில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குத்தான் கிருமி ஒழிந்தது. அதுவும் ஏழு நாள் இல்லை, பதினான்கு நாள் மருந்து சாப்பிட்ட பிறகு! டாக்டர்கள் ஒரு சிகிச்சையை நல்லது என்று ஒப்புக்கொள்ள நூற்றுக்குத் தொண்ணூறு பேராவது குணமாக வேண்டும் என்பது பொதுவான அளவுகோல்.

‘இருங்க, மெட்ரோனிடசோலுக்குத்தான் சென்னைக் கிருமி இன்னும் அதிகமா மசியாதுன்னு சொன்னீங்க. அப்புறம் நாலு மருந்துல அதையே எதுக்கு சேர்க்கணும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு மருந்துகளின் குணமும் வேறு வேறு. கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் கிருமியிடம் அந்த மருந்தை எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் பெரிதாக நடக்காது. பூட்டையே மாற்றிவிட்ட வீட்டில் பழைய சாவி மாதிரி. மெட்ரோனிடசோல் அப்படி இல்லை. சோதனைக்கூடத்தில் எதிர்த்து நிற்கும் கிருமிகூட, அளவைக் கூட்டி, பிஸ்மத்தோடு சேர்த்து, முழுசாகப் பதினான்கு நாள் கொடுத்தால் பெரும்பாலும் தலை சாய்ந்துவிடுகிறது. பிஸ்மத்தை எதிர்க்கக் கிருமிக்கு இன்னும் தெரியவில்லை. டெட்ராசைக்ளினை எதிர்ப்பதும் அபூர்வம். அளவையும் நாளையும் குறைத்தால் மட்டும் இந்தக் கணக்கு உதைக்கும்.

2022-இல் ஐரோப்பிய நிபுணர்களும் 2024-இல் அமெரிக்க நிபுணர்களும் வெளியிட்ட வழிகாட்டிகள் இதைத்தான் சொல்கின்றன. கிருமி கிளாரித்ரோமைசினுக்கு மசியும் என்று சோதித்துத் தெரிந்தால் ஒழிய, பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்தே முதல் சிகிச்சை. நம் ஊரில் அந்தச் சோதனை எத்தனை பேருக்கு நடக்கிறது?

டாக்டர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நான்கு மருந்து என்றால் தினம் பன்னிரண்டு, பதினைந்து மாத்திரை. வாயெல்லாம் இரும்பு கடித்த மாதிரிக் கசப்பு. ‘இவ்வளவு எழுதினா பாதியில விட்டுடுவாங்க’ என்று நினைத்துத்தான் பலர் சுலபமான கிட்டை எழுதுகிறார்கள். டெட்ராசைக்ளின் எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை. பழைய மருந்து, லாபம் கம்மி, யார் வாங்கி வைப்பார்கள்? ‘இது இல்லை, டாக்ஸிசைக்ளின் தரேன், ரெண்டும் ஒண்ணுதான்’ என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். இந்தக் கிருமி விஷயத்தில் இரண்டும் ஒன்றல்ல. உஸ்மான் ரோடில் ஒரு புடவைக்காக நாலு கடை ஏறி இறங்குகிறோம், ஒரு மாத்திரைக்காக இரண்டு கடை ஏறினால் என்ன?

ஏன் முதல் தடவையே இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், தோற்றுப்போன கோர்ஸ் சும்மா போவதில்லை. தப்பித்த கிருமி அந்த மருந்தைத் தெரிந்துகொண்டு மிச்சம் நிற்கிறது. அடுத்த தடவை அதே கிளாரித்ரோமைசின் உதவாது. மாற்றாகச் சொல்லப்படும் லீவோஃப்ளாக்ஸசினையும் நாம் ஜுரத்துக்கும் யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கும் தாராளமாகப் பயன்படுத்தி மழுங்க வைத்திருக்கிறோம். இன்னொரு மாற்று ரிஃபாபுடின். அது டி.பி. மருந்து வகையறா. டி.பி. இவ்வளவு இருக்கிற நாட்டில் அதில் கை வைப்பதற்குப் பலமுறை யோசிக்க வேண்டும். ஒவ்வொரு தோல்வியும் ஒரு கதவை மூடிக்கொண்டே போகும். ஏற்கெனவே ஒரு தடவை மருந்து சாப்பிட்டிருந்தால் அந்தப் பழைய சீட்டைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ‘ஏதோ மஞ்சள் மாத்திரை டாக்டர்’ என்றால் அவர் என்ன செய்வார், பாவம்.

வோனோப்ரசான் என்று ஒரு புது மருந்து வந்திருக்கிறது. ஜப்பானில் பிறந்தது, நம்மூருக்கும் வந்துவிட்டது. அமிலத்தைப் பழைய மாத்திரைகளைவிட வேகமாகவும் பலமாகவும் அடக்குகிறது. நான் மேலே சொன்ன 2022 ஆய்வே இதைப் பற்றியதுதான். கிளாரித்ரோமைசினுக்கு மசியாத கிருமி உள்ளவர்களில், வோனோப்ரசானும் அதிக அளவு அமாக்ஸிசிலினும் மட்டும் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 70 பேர் குணமானார்கள். 32 எங்கே, 70 எங்கே! இரண்டே மருந்து என்பதால் சாப்பிடவும் சுலபம். ஆனாலும் 70 என்பது 90 இல்லையே. நம் ஊர்க் கிருமியிடம் இது எப்படி நடந்துகொள்கிறது என்று நிறையப் பேரிடம் பார்த்த பிறகு முதலிடம் கொடுக்கலாம். புதுசு என்பதற்காகவே கேட்டு வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நான்கு மருந்து எழுதித் தந்துவிட்டார், நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில விஷயங்கள் முன்பே தெரிந்தால் பாதியில் விட மாட்டீர்கள். அமிலம் அடக்கும் மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். மலம் கறுப்பாகப் போகும். ‘ஐயோ, ரத்தம்!’ என்று அலற வேண்டாம், அது பிஸ்மத்தின் வேலை. நாக்கும் கறுக்கலாம். (தார் மாதிரிப் பிசுபிசுவென்று, துர்நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு.) மெட்ரோனிடசோல் ஓடும் நாட்களில் மது கூடவே கூடாது. பீர் எல்லாம் கணக்கில் வராது என்று நினைக்கிற ஐயாக்களுக்கும் சேர்த்துத்தான்.

முக்கியமானது டெட்ராசைக்ளினும் காபியும். நம் டிகிரி காபியில் இருப்பது முக்கால்வாசி பால். பாலில் இருக்கும் கால்சியம் இந்த மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். காலை ஆறு மணிக் காபியோடு காப்ஸ்யூலை விழுங்கினால், விழுங்காததற்குச் சமம். தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தண்ணீரோடு சாப்பிடுங்கள். காபிக்கும் மருந்துக்கும் நடுவில் இரண்டு மணி இடைவெளி விடுங்கள். பதினாலு நாள் காபி நேரத்தைத் தள்ளி வைப்பது மயிலாப்பூரில் சாமானிய தியாகம் இல்லை, தெரியும்!

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயசுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் ஆகாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பிஸ்மத் பற்றி டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். பென்சிலின் அலர்ஜிக்காரர்களுக்கு நான்கு மருந்து ஒரு வரம், அதில் பென்சிலின் வகை கிடையாது. கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குக் கிளாரித்ரோமைசின் எழுதப்பட்டால், அதையும் இதையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று அவசியம் கேளுங்கள். இரண்டும் சேர்ந்தால் சிலருக்குத் தசை பாதிக்கும்.

கோர்ஸ் முடிந்தது, வலி போய்விட்டது. அதோடு கதை முடிந்ததா? இல்லை. வலி போனால் கிருமி போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து ஒரு டெஸ்ட் எடுக்க வேண்டும். நம்மூரில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். மூச்சை ஊதிப் பார்க்கும் யூரியா ப்ரெத் டெஸ்ட், இல்லாவிட்டால் மலத்தில் பார்க்கும் ஆன்டிஜென் டெஸ்ட், ஏதாவது ஒன்று போதும். ரத்தப் பரிசோதனை இதற்கு உதவாது. கிருமி போன பிறகும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் மாதக் கணக்கில், வருஷக் கணக்கில்கூட இருக்கும். ‘இன்னும் பாசிட்டிவ்தான்’ என்று அது பயமுறுத்தும். டெஸ்டுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து கேஸ் மாத்திரையும் கூடாது. அது கிருமியை மறைத்துப் பொய்யாக நெகடிவ் காட்டும். அந்த இரண்டு வாரத்தில் எரிந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆன்டாசிட் திரவம் குடித்துச் சமாளிக்கலாம். ரத்தக் கசிவு வந்த அல்சர்காரர்களும் ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளிகளும் மட்டும் தாங்களாகவே எதையும் நிறுத்த வேண்டாம்.

‘அப்படின்னா வீட்ல எல்லாரும் போய் டெஸ்ட் எடுத்துடலாமா?’ என்று சில தாய்மார்கள் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம். பாதி நாட்டுக்கு இருக்கிற கிருமியை எல்லோரிடமும் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தால் நான் மேலே புலம்பிய எதிர்ப்புச் சக்திதான் இன்னும் கூடும். அல்சர் வந்தவர்கள், ஆறாத மேல் வயிற்று வலிக்காரர்கள், காரணம் தெரியாத இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை உள்ளவர்கள், நீண்ட நாள் ஆஸ்பிரின் சாப்பிடப் போகிறவர்கள், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இரைப்பைப் புற்று வந்தவர்கள், இவர்கள் எடுக்க வேண்டும். வயிற்று வலி என்று எப்போதாவது சொல்லும் குழந்தையை இதற்காக லேபுக்கு இழுத்துப் போக வேண்டாம். வேண்டுமானால், பேரனுக்குச் சாதத்தை மென்று ஊட்டுகிற பாட்டியிடம் அதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.